இணை எண் 4118

தருமபுரி நாலு ரோட்டில் உரக்கடைக்கு மேல்மாடி.
ஒரு திரை. மூன்று பொத்தான்கள்:
ஒருவரே. வேறுவேறு. சொல்ல இயலாது.

இடப்பக்கம் அரசாங்க ஏடு.
வலப்பக்கம் நாங்கள் வீடுவீடாய்க் கேட்டு எழுதிய கணக்கெடுப்பு.
இரண்டிலும் இருப்பது ஒரே ஆள்தானா என்று
கணினி முதலில் மதிப்பெண் போடும்.
அதற்குச் சந்தேகம் வந்தால் என்னிடம் தள்ளும்.
முடித்துக் கொடுக்கும் இணைக்கு ஒரு ரூபாய் எழுபது காசு.

பழகிவிட்டது.
பச்சியப்பன் பச்சப்பன் ஆவார்,
ஒருமுறை ஒற்றெழுத்து சறுக்கிப் பஞ்சப்பன் ஆனார்.
கட்டிக்கொண்டு போன பெண்களுக்கு
முன்னெழுத்து மாறும், ஊர் மாறும்.
பாதி மாவட்டம் ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தது,
பள்ளியில் சேர்த்த வாத்தியார் கைக்கு அதுதான் வந்தது.
ஓசூர் கம்பெனியில் பி.எஃப். பிடிபடும் ஆள்
ஏரியூர்ப் பக்கம் ஒரு வீட்டில்
'உள்ளே தூங்குகிறார்' என்று சொல்லப்பட்டிருப்பார்.
எல்லாம் அரை நிமிட வேலை.

மாதம்மாள், கணவர் வேடியப்பன், 1.1.1984.
மாதம்மாள், கணவர் வேடியப்பன், 1.1.1984.
ஒரே கதவு எண்.
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.
பிறகு எதற்கு இந்தச் சிவப்புக் கொடி?
பிறப்புப் பதிவேட்டைத் திறந்தேன்.
2009 பிப்ரவரியில் ஆண் குழந்தை, தாய் மாதம்மாள்.
2009 ஜூலையில் பெண் குழந்தை, தாய் மாதம்மாள்.
கணினிக்குச் சூல் தெரியாது,
கழித்தல் தெரியும்.

நேரில் பார்த்துவரச் சொன்னார்கள்.
பென்னாகரம் பஸ், ஷேர் ஆட்டோ,
அப்புறம் கூசுக்கல் கொட்டாய்க்கு நடை.
இரண்டு பெண்கள் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள்,
ஒருத்தி ஓட்டை உடைக்க, ஒருத்தி கொட்டையை எடுக்க.
'மாதம்மாள் யாருங்க?'
இரண்டு தலையும் நிமிர்ந்தன.

பெரியமாதம்மாள். சின்னமாதம்மாள்.
அக்கா தங்கை. ஒரே வேடியப்பன்.
எப்போதோ அட்டை எழுத வந்தவர்
பெரியதையும் சின்னதையும் அடைமொழி என்று நினைத்து
அடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

'காப்பீட்டு அட்டை ஒண்ணுதாம்மா.
எனக்குக் கட்டி எடுத்ததும் அதுலதான்,
இவளுக்குக் கை முறிஞ்சப்பவும் அதுலதான்.'
'நூறு நாள் வேலைக்கு,' என்று சின்னவள் சிரித்தாள்,
'அன்னிக்கு எவளுக்கு இடுப்பு வலிக்கலியோ அவ போவா.'
சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:
'இப்ப எங்கள பிரிச்சி எழுதப் போறியா?'

பெயர் எங்கும் போகாது என்றேன்.
பெயருக்குப் பதில் எண்தான் போகும் என்றேன்,
ஆய்வுக்கு மட்டும் என்றேன்.
ஒப்புதல் படிவத்தின் இரண்டாம் பத்தி
என் வாயிலிருந்து அப்படியே வந்தது.

பெரியவள் விரலில் ஒட்டிய நாரைப் பிய்த்தாள்.
'இந்தக் கொட்டாயில ரெண்டு பொண்டாட்டி இருக்கிற வூடு
இது ஒண்ணுதான்.
நம்பர் போட்டா மட்டும் தெரியாதா?'

கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

உண்மை இரண்டாவது பொத்தானில் இருந்தது.
முதல் பொத்தானை அழுத்தினால்
ஒரு வயிறு ஐந்து மாதத்தில் இரண்டு பெற்றதாகும்.
மூன்றாவதை அழுத்தினால்
அந்தப் பையனும் அந்தப் பெண்ணும்,
நான் போனபோது இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்,
மகப்பேற்று அட்டவணையிலிருந்து உதிர்ந்துவிடுவார்கள்.
அறிக்கையின் அடிக்குறிப்பில் ஒரு வரி:
தீர்க்கப்படாத இணைகள், 0.6 விழுக்காடு.

வெகுநேரம் கை எடுக்காமல் இருந்தேன்.
விசைப்பலகையில் புளி வாசனை.

மூன்றாவது.

சொல்ல இயலாததற்குக் கூலி கிடையாது.
பஸ் காசு கேட்டால் பார்க்கலாம் என்றார்கள்.

திரை மாறியது. 4119.
பச்சியப்பன். பச்சப்பன்.
ஒருவரே.